எரிகலனுக்கு இட்ட சந்தனம்

அன்று பொன்னையா ப்ளோரோகெமிக்கல்ஸ் ஆலையின் கூட்ட அறையில் இருந்தவர்கள் இவர்கள்: ஆலையின் தலைவர் லிங்கதுரை. அவருடைய தங்கை சண்முகக்கனி. காலமாகிவிட்ட அவர்களுடைய தம்பியின் மகன் நிதிலன், எரிகலன் பிரிவை நடத்தியவன். நிதிலனின் தங்கை தாரிணி, ஆறு மாதக் கர்ப்பிணி. வான்பதிவு ஆணையத்தின் விசாரணை அதிகாரி டெல்பின் ரொட்ரிகோ. சுவரில், படச் சட்டத்துக்குள், ஆலையை நிறுவிய பொன்னையா. விசாரணையே அவர் பெயரைப் பற்றியது என்பதால் அவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் இல்லை. தாங்களும் உடனிருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் அன்று ஆலையின் கேட்டைக்கூடத் தாண்டவில்லை.

பங்குனி வெயில் காலையிலேயே ஜன்னல் கம்பிகளைச் சுட வைத்திருந்தது. ஆலை மூடிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பாதி நாட்டின் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு வாயு செய்து கொடுத்த ஆலையில், இப்போது ஒரு மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றியது. தாரிணி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தாள். சண்முகக்கனி நாற்காலியில் முதுகைச் சாய்க்கவில்லை. அவள் எந்த நாற்காலியிலும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. பொன்னையாவின் மகள் சாய்ந்து உட்கார மாட்டாள் என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி.

டெல்பினும் தூத்துக்குடிப் பெண்தான். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, படத்தில் இருந்தவருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். சண்முகக்கனி அதைக் கவனித்தாள். மேசையில் திரையை விரித்து, எந்த வாயு எந்தப் புகைபோக்கியிலிருந்து போனது என்று இப்போது கண்டுபிடிக்க முடியும் என்றாள் டெல்பின்.

"ஏன், புகையில ஊர்பேரு எழுதியிருக்குமோ?" என்று கேட்டாள் சண்முகக்கனி.

"எழுதித்தான் இருக்கு அக்கா. உங்க வீட்டு மீன்குழம்பும் எங்க வீட்டு மீன்குழம்பும் ஒண்ணா? ஒரே சந்தையில வாங்கின மீனா இருந்தாலும், வாயில வச்சதும் எந்த வீட்டுக் குழம்புன்னு சொல்லிடலாம்லா? அது மாதிரி ஒவ்வொரு ஆலை வாயுவுலயும் வேற வேற அழுக்கு துளி கலந்திருக்கும். அதுக்குப் பேரு வான்ரேகை."

"எங்க வீட்டுக் குழம்பை நீ எப்ப சாப்பிட்ட?"

"குழம்பு சாப்பிட்டதில்ல. பொரிகடலை சாப்பிட்டிருக்கேன்" என்றாள் டெல்பின். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

குளிர்வாயு செய்யும்போது, யாரும் கேட்காமலே இன்னொரு வாயு கூடவே உண்டாகிறது. விற்க முடியாத கழிவு. வானத்துக்குப் போனால் கரியமில வாயுவைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் சூட்டைப் பிடித்து வைக்கும். இருநூறு வருடம் தாண்டியும் கலையாது. அதனால் அதை எரிகலனில் விட்டு எரித்துவிட வேண்டும். பொன்னையா ஆலை அதை ஒழுங்காகத்தான் எரித்துவந்திருக்கிறது, ஆண்டு முழுவதும். ஒரு நாளைத் தவிர. பழைய செயற்கைக்கோள் படங்களை மறுபடி படிக்கக் கணினிகள் கற்றுக்கொண்ட பிறகுதான் அந்த ஒரு நாள் கண்ணில் பட்டது. ஆண்டுதோறும் புரட்டாசி, ஐப்பசி வாக்கில் ஏதோ ஒரு நாள் எரிகலன் அணைந்திருக்கிறது. கழிவு அப்படியே மேலே போயிருக்கிறது. புகைபோக்கியில் இருந்த அளவு மீட்டரும் அதே நேரத்தில் நின்றிருக்கிறது. நாள் ஒவ்வொரு ஆண்டும் மாறுகிறது. சோதனைக்கு வருகிறவர்களை ஏமாற்ற வேண்டுமென்றே நாளை மாற்றி மாற்றி எரிபொருளை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று டெல்லி அலுவலகம் முடிவு கட்டியிருந்தது.

அண்ணன் முகம் சிவந்ததைச் சண்முகக்கனி பார்த்தாள். அவர் வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள்.

"திருட்டுங்கிறியா? பொன்னையா வீட்டுல திருட்டா? இந்த ஊர்ல ஒரு பஸ் ஸ்டாப்புக்கே எங்க அய்யா பேரு. அது ஆயுத பூஜைம்மா. நவமி வர்ற தேதி வருஷாவருஷம் மாறாம என்ன செய்யும்?"

பிறகு சொன்னாள். நடந்ததை நடந்தபடி சொல்வதில் அவளுக்கு என்ன பயம்? மற்ற இயந்திரங்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தவை. எரிகலன் ஒன்றுதான் அய்யா இந்த ஊர்க் கொல்லர்களையும் வெல்டர்களையும் கூட வைத்துக்கொண்டு தன் கையால் கட்டியது. அதனால் ஆயுத பூஜையன்று அதற்குத்தான் முதல் மரியாதை. வாயு உண்டாகிற பெரிய கலனை நிறுத்தினால் மறுபடி ஓட வைப்பதற்குள் குழாயெல்லாம் அரித்துப் போகும். ஆகவே அது ஓடும். எரிகலனை மட்டும் அணைத்து, ஆறவிட்டு, கழுவி, சந்தனமும் குங்குமமும் இட்டு, மறுநாள் காலை வரை தொட மாட்டார்கள். மீட்டரும் கருவிதானே? அதற்கும் ஓய்வு. அதற்கு மாலை கட்டுகிற வேலை சண்முகக்கனியுடையது. வாயு மேலே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள்தானே என்று நினைத்தார்கள். ஆகாசம் எவ்வளவு பெரியது.

"எரிகலனை அணைக்கிற சுவிட்சை யார் அமுக்குவாங்க?" என்று டெல்பின் கேட்டாள்.

"வீட்டுல யாரு சின்னவளோ அவ கையால. அதான் வழக்கம்" என்று சொல்லிவிட்டுத்தான் சண்முகக்கனி தாரிணியைப் பார்த்தாள். தாரிணி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்பின் திரையை அணைத்தாள். இதுவரை பேசியது எதுவும் பதிவாகவில்லை என்றாள்.

"நாள் ஏன் மாறுதுன்னு டெல்லியில யாருக்கும் புரியல. நான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். எங்க தெருவுக்கு வருஷாவருஷம் உங்க கம்பெனி வேன்ல பொரிகடலை வரும் அக்கா. நாங்க மாதா கோயிலுக்குப் போறவங்க, ஆனா பொரிக்குக் கை நீட்டாத பிள்ளை கிடையாது. அதான் வாக்குமூலம் எழுதுறதுக்கு முந்தி நானே வந்தேன். நீங்க இப்ப சொன்னதை அப்படியே எழுதினா என்ன ஆகும்னு சொல்லிடுதேன். கேட்டுக்கிடுங்க."

சட்டம் இரண்டு வகைக் குற்றங்களைச் சொல்கிறது. தனி ஒருவர் தெரிந்தே செய்தது தன்குற்றம். அந்த வாயுவுக்கு அவர் பெயரை வைப்பார்கள். வான்பதிவில் அவர் மட்டும் ஏறுவார், தண்டனை அவரோடு நின்றுவிடும். ஒரு குடும்பம் வழக்கமாகச் செய்துவந்தது மரபுக் குற்றம். வாயுவுக்குக் குடும்பத்தை நிறுவியவரின் பெயர் வைக்கப்படும். அது வானத்தில் இருக்கும்வரை அவருடைய ரத்தவழியில் வருகிற எல்லோரும் வான்பதிவில் இருப்பார்கள்.

"களவாண்டவனுக்குக் கொஞ்சம், சாமி கும்பிட்டவனுக்குக் கூடுதலா?" என்றார் லிங்கதுரை. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"கம்பெனியைப் பிடிச்சா கம்பெனியைக் கலைச்சிட்டுப் போயிடுதாங்க அண்ணாச்சி. வாயு மட்டும் மேலேயே நிக்குது. அதனாலதான் சட்டம் ரத்தத்தைப் பிடிச்சுது. வழக்கம்னா எல்லாரும் சேர்ந்து செஞ்சது, எல்லாரும் சுமக்கணும்ங்கிறாங்க. நான் எழுதின சட்டமில்ல."

வான்பதிவில் பெயர் இருந்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கத்திரி வெயிலில் அரசு சிவப்பு நாள் அறிவிக்கும். வீடுகளில் குளிர்சாதனத்துக்கான மின்சாரம் நின்றுவிடும். எல்லோரும் குளிர்மண்டபங்களுக்குப் போய் வெயில் தாழும் வரை இருப்பார்கள். வான்பதிவில் இருப்பவர்களுக்கு மண்டபத்தில் இடம் கிடையாது. ஊரைச் சூடாக்கியவனுக்கு ஊரின் குளிர்ச்சியில் பங்கு எதற்கு என்பது சட்டத்தின் கேள்வி. போன கத்திரியில் மண்டபத்துக்குப் போகிற வழியில் பேருந்து நின்றுபோய், அந்தக் கொஞ்ச நேர வெயிலிலேயே தாரிணிக்கு வயிற்றில் இருந்தது கலைந்தது. இந்த முறை வெயிலே படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கத்திரி பிறக்க இன்னும் சில வாரங்கள்தான்.

லிங்கதுரை ஒவ்வொரு வழியாகக் கேட்டுப் பார்த்தார். பிள்ளையை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ அனுப்பினால்? அங்கேயும் சிவப்பு நாள் வந்தாயிற்று. பதிவு நாடு முழுவதற்கும் ஒன்றுதான். அவள் கட்டிக்கொடுத்த பெண், வேறு வீட்டுக்காரி ஆயிற்றே? சட்டம் ரத்தத்தைப் பார்க்கிறது. ஆலை நிலம் முழுவதையும் அரசுக்கே எழுதிக் கொடுத்தால்? நிலத்தை வைத்து வானத்தைத் துடைக்க முடியாது. பிள்ளை பிறக்கும்வரைக்கும் மட்டும் மண்டபத்தில் விட்டால்? கேட்கக் கேட்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. மந்திரிகள் வந்தால்கூட எழுந்து நிற்காதவர், மகள் வயதுக்காரியிடம் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, "ஏந்தாயி, ஏதாவது பாரு தாயி" என்றார். சண்முகக்கனியால் அதைப் பார்க்க முடியவில்லை. படத்தைப் பார்த்தாள். அங்கேயும் பார்க்க முடியவில்லை.

டெல்பின் எழுந்தாள். வெளியே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்பதாகவும், வரும்போது பதிவுக் கருவியைப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்றும் சொன்னாள். கதவருகே நின்று, "இன்னொண்ணு. செயற்கைக்கோள் படம் அண்ணாச்சி பொறுப்புக்கு வந்த வருஷத்துலேர்ந்துதான் இருக்கு. அதுக்கு முந்தி ஆகாசத்துல அந்தக் கண்ணு கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நிதிலன்தான் முதலில் சொன்னான். எரிகலனுக்கு எரிபொருள் போகும் வால்வை மூடியது அவன், அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு அவன், அதனால் தானே செய்ததாக ஒப்புக்கொண்டுவிடுவதாகச் சொன்னான்.

"நீ சும்மா இருல" என்றார் லிங்கதுரை. "உனக்கு ரெண்டு பிள்ளை. கத்திரி வெயில் உன்னைக் கொண்டு போயிட்டா அதுகளை யாரு பாப்பா? கையெழுத்துப் போட்ட தலைவன் நான்."

சண்முகக்கனி எழுந்து நின்றுவிட்டாள். என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. அவள் கேட்டது இதுதான்: இல்லாத திருட்டை எப்படி ஒப்புக்கொள்வது? நாளைக்கு ஊரில் தலைகாட்ட முடியுமா? நாம் தப்பே செய்திருக்கலாம். தெரியாத்தனமாகச் செய்தோம், பக்தியாகச் செய்தோம். அதைச் சொல்லி, தண்டனை எதுவானாலும் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொள்வோம். அய்யா இருந்தால் அதைத்தான் சொல்லுவார்.

"அய்யா இருந்தா அவரு கேப்பாரு, வயித்துல இருக்கிற பிள்ளை எங்கட்டி நிமிர்ந்து நிக்கும்னு" என்றார் லிங்கதுரை. கோபமில்லாமல்தான் சொன்னார். "கனி, உண்மையைச் சொன்னா நம்ம கௌரவம் இன்னைக்கு நிக்கும். அய்யா பேரு இருநூறு வருஷத்துக்கு மேல விஷவாயுவுக்குப் பேரா நிக்கும். ஒவ்வொரு சிவப்பு நாளும் ரேடியோவுல வாசிப்பான். இன்னும் பிறக்காததுக பிறந்து அதைக் கேக்கும், வெயில்ல நின்னு. எது வேணும்னு நீயே சொல்லு."

அவள் உட்கார்ந்தாள்.

தாரிணி அதுவரை அழவில்லை. இப்போது மெதுவாகக் கேட்டாள். "பெரியப்பா, சுவிட்சை நான்தான அமுக்கினேன்? நீங்கதான என்னைத் தூக்கிப் பிடிச்சிய? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பச்சைக் கலர்ல இருக்கும். போன வருஷம் போனது, அதுவும் நான் அனுப்புன சூட்டுலதானா?"

"நீ பொரி திங்க வந்த பிள்ளை" என்றார் அவர். "சுவிட்சு எங்க, நீ எங்க? உன் கைக்கு எட்டுமா அது? நானும் உன்னைத் தூக்கல. சின்னப் பிள்ளையில எதையோ பார்த்துட்டு எதையோ நெனைக்க." பிறகு சண்முகக்கனியைப் பார்த்தார். "கேளு உங்க அத்தையை."

தாரிணி அத்தையைப் பார்த்தாள். அந்தச் சின்னக் கையை, சந்தனம் ஒட்டியிருந்த அந்த விரலை, சண்முகக்கனியே ஈரத்துணியால் துடைத்து விட்டிருக்கிறாள், ஒரு வருடமல்ல, பல வருடம்.

"எட்டாது" என்றாள் சண்முகக்கனி. அவள் சொன்ன முதல் பொய் அது. எதிர்பார்த்ததைவிட எளிதாக வந்தது. அதுதான் அவளுக்கு வலித்தது.

டெல்பின் திரும்பி வந்து கருவியை மேசையில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. இப்போது அவள் பேச்சில் ஊர் இல்லை. அரசாங்கத் தமிழில் கேள்விகளை வாசித்தாள். லிங்கதுரை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னார். ஆமாம், எரிகலனை அணைத்தது நான்தான். எரிபொருளை மிச்சம் பிடிக்க. மீட்டரை நிறுத்தியதும் நான்தான். யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் நாளை மாற்றினேன். என் தகப்பனாருக்கு இது தெரியாது. என் தம்பி மகன் நான் சொன்னதைச் செய்தான். எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

"அந்த நாட்கள் ஆயுத பூஜை நாட்களோடு ஒத்துப்போகின்றன. பூஜைக்கும் எரிகலனை அணைத்ததற்கும் தொடர்பு உண்டா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. லிங்கதுரை அய்யாவின் படத்தை ஒரு தடவை பார்த்தார்.

"கிடையாது" என்றார். "எல்லாரும் பூஜை கவனத்துல இருப்பாங்க. களவுக்கு அது தோதான நாளு."

டெல்பின் தலையை நிமிர்த்தாமல் குறித்துக்கொண்டாள். அடுத்து, சட்டப்படி ரத்த உறவில் மூத்தவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றாள். சண்முகக்கனியிடம் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் அண்ணன் செய்தது உங்கள் குடும்பத்தின் வழக்கமா?

"எங்க குடும்பத்துல அப்படி ஒரு வழக்கம் கிடையாது" என்றாள் சண்முகக்கனி.

அந்த வாக்கியத்தை அவள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்திருக்கிறாள், குடித்துவிட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், கலப்பட உப்பு வாங்கச் சொன்ன தரகரிடம். அப்போதெல்லாம் அதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிரும். அன்றும் நிமிர்ந்துதான் இருந்தது. அதை நிமிர்த்தி வைக்க அவள் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

போகும்போது டெல்பின் கருவியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, வாசலில் வைத்துச் சண்முகக்கனியிடம் மட்டும் சொன்னாள். "அக்கா, வெளிய யாரு என்ன பேசினாலும் ஆணையம் கேக்காது. ஆனா வீட்டு ஆளு ஒருத்தர், எப்பயாவது, எங்கயாவது வேற மாதிரி சொன்னா கேஸ் மறுபடி திறந்துடும். நீங்க மறக்கக் கூடாது."

"நாங்க மறக்குற வீடு இல்ல" என்றாள் சண்முகக்கனி.

வாயுவுக்கு லிங்கதுரை என்று பெயர் வைத்தார்கள். கத்திரி பிறந்த முதல் சிவப்பு நாளன்று ரேடியோவில் வாசித்த பெயர்களில் அதுவும் இருந்தது. நிதிலன் ரேடியோவை அணைக்கப் போனான். லிங்கதுரை தடுத்து முழுவதும் கேட்டார். தெருவில் பழைய தொழிலாளிகள் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரோ ஒருவன் வீட்டுச் சுவரில் கரியால் திருடன் என்று எழுதிவிட்டுப் போனான். சண்முகக்கனி அதைக் கழுவவில்லை. கழுவினால் மறுக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தாள்.

சிவப்பு நாட்களில் வீட்டில் மற்ற எல்லோரும் குளிர்மண்டபத்துக்குப் போனார்கள். தான் போகவில்லை, அண்ணனோடு இருந்துகொள்கிறேன் என்று சண்முகக்கனி அடம் பிடித்துப் பார்த்தாள். பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் பக்கத்தில் பெண்துணை வேண்டாமா என்று அவர் கேட்டார். மண்டபத்தில் தாரிணியின் கட்டிலருகே உட்கார்ந்து, ஈரக்காற்று முகத்தில் படும்போதெல்லாம் கதவைப் பார்த்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டுக்கு ஓடி வந்து அண்ணனின் மூச்சைப் பார்த்தாள். ஒரு சாயங்காலம் மூச்சு இல்லை. சலவைச் சட்டை போட்டு, பொத்தான்களை எல்லாம் பூட்டி, அய்யாவின் படத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாய்ந்திருக்கவில்லை.

ஆடியில் தாரிணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. முழு எடை, நல்ல குரல். பெயர் பொன்னையா. பதிவு அலுவலகத்தில் அந்தப் பெயரை யாரும் எதிலும் ஒத்துப் பார்க்கவில்லை.

புரட்டாசி முடியும் சமயம் ஆயுத பூஜை வந்தது. வீட்டில் எதற்கும் சந்தனம் இடவில்லை, அரிவாள்மனைக்குக்கூட. சாயங்காலம் பொன்னுத்தாய் வந்தாள். அவள் புருஷன் எரிகலன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தூக்குவாளி நிறையப் பொரியும் கடலையும் கொண்டுவந்திருந்தாள். கூடவே தெருப் பெண்கள் இரண்டு பேர். குழந்தையைக் கொஞ்சிவிட்டு, குரலைத் தாழ்த்தி, கண் கலங்கச் சொன்னாள்.

"ஊருக்குத் தெரியும் மதினி. அண்ணாச்சி களவாங்கல. பூஜைக்காகத்தான் அணைச்சாவ. எல்லாப் பழியையும் அவிய தன் தலையில போட்டுக்கிட்டாவன்னு தெருவெல்லாம் பேச்சு. எங்க வீட்டுக்காரரே கண்ணால பார்த்தவரு."

மற்ற இரண்டு பெண்களும் சண்முகக்கனியின் முகத்தைப் பார்த்தார்கள். தாரிணி உள்ளறை வாசலில் வந்து நின்றாள். சண்முகக்கனி குழந்தையை மடியில் சரியாகப் படுக்க வைத்து, அதன் வலது கையைத் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"ஊரு தப்பாப் பேசுது" என்றாள். "பூஜையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க அண்ணன் திருடினான்."